கைதட்டலும் குறுக்குப் பேச்சும்

கவியரங்கங்களைப் பற்றி நம் விமரிசகர்கள் எழுதுவதில்லை. கவிதை என்றால் அச்சில் வந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கட்சி. மேடையில் வாசித்தது புத்தகமாகும்வரை பொறுத்திருந்து, ஆனதும், "இது மேடைக்கு எழுதியது, காகிதத்தில் நிற்கவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுதி வைத்துவிடுகிறார்கள். நாடகத்தின் வசனப் பிரதியைப் படித்துவிட்டு, நடிகர் சரியாக நடிக்கவில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

கவியரங்கம் நடத்துகிறவர்களோ வேறு ஒரு பெரிய உரிமை கொண்டாடுகிறார்கள். கவிதை ஊரைச் சேர்க்கிறது, மனிதரை மனிதரோடு இணைக்கிறது என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். அழைப்பிதழில் இருப்பதையெல்லாம் நம்புவதென்றால் நம் ஊரில் நடக்கிற ஒவ்வொன்றும் முப்பெரும் விழாதான். ஆனாலும் இந்த உரிமையைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நாவல் எழுதுகிறவன் நான். தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன், தனியாக உட்கார்ந்து படிக்கிற ஒருவருக்காக. வீட்டில் ஒருத்தி நாவல் படித்துக்கொண்டிருந்தால், "அவளைக் கூப்பிடாதே, கதை படிக்கிறாள்" என்று மற்றவர்கள் விலகித்தான் போகிறார்கள். நூறு பேரை ஓர் இடத்தில் உட்காரவைத்து, வெறும் வார்த்தையைக் கொண்டு அவர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவிட முடியும் என்று ஒரு கலை சொன்னால், அது உண்மைதானா என்று பார்ப்பதில் எனக்குச் சுயநலமும் உண்டு.

சென்ற தை மாதம் கூடுவாஞ்சேரியில் ஒரு கவியரங்கம் கேட்டேன். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் கேட்டதை நிறுத்துப் பார்க்க ஒரு படிக்கல் வேண்டுமல்லவா? அந்தப் படிக்கல் வேறெங்கும் இல்லை, அந்த வட்டாரத்திலேயே கிடக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷங்களாகக் கிடக்கிறது.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஒரு கிராமம். ஏழாம் நூற்றாண்டில், முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில், அந்த ஊருக்கு எழுதிக் கொடுத்த செப்பேடு ஒன்று இருக்கிறது. கோயிலுக்கென்று விட்ட நிலத்தைப் பங்கு பிரிக்கும்போது, மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைப்பதற்குப் பங்கு ஒதுக்கியது போலவே, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர், நெருப்பு, பாரதம். ஓர் ஊருக்கு இன்னின்னது வேண்டும் என்று அந்தக் காலத்து மனிதர் போட்ட கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வாசிப்பு என்று இங்கே சொல்வது நாம் இன்று வாசிக்கிற வாசிப்பு அல்ல. ஒருவர் உரக்கச் சொல்ல ஊரே உட்கார்ந்து கேட்பது. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் எழுதிய பாரத வெண்பாவில் நமக்குக் கிடைத்திருக்கும் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். வெண்பாவுக்கும் வெண்பாவுக்கும் நடுவே உரைநடை ஓடும். பாட்டைச் சொல்லி நிறுத்தி, "அப்புறம் என்ன நடந்தது என்றால்" என்று கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒருவருடைய மூச்சு அந்த உரைநடையில் எனக்குக் கேட்கிறது. பிறகு வந்த வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களை 4,300-க்கு மேற்பட்ட விருத்தங்களாகப் பாடினார். போட்டியில் தோற்ற புலவர்களின் காதை அறுப்பதற்கென்று அவர் ஒரு துறட்டி வைத்திருந்தார் என்றும், அருணகிரிநாதரிடம் தோற்று அதைக் கீழே போட்டார் என்றும் கர்ணபரம்பரையாக ஒரு கதை உண்டு. இன்றைய சில கவியரங்கங்களில் துறட்டி இல்லாமலே அந்தக் காரியம் நடக்கிறது. அது கிடக்கட்டும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும்போது வில்லிபாரதத்துக்கு இன்றும் உயிர் வருகிறது. பகலில் பாரதப் பிரசங்கி உட்கார்ந்து வில்லியின் விருத்தத்தை ராகத்தோடு எடுத்துப் பாடுவார். பாடிவிட்டுப் பேச்சுத் தமிழில் கதை சொல்வார். பகலில் சொன்ன கதை இரவில் தெருக்கூத்தாக எழுந்து ஆடும். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரம் நடுவார்கள், கடைசி நாளில் துரியோதனனை மண்ணால் மலைபோல் செய்து படுக்கவைத்துப் படுகளம் நடத்துவார்கள், ஒப்பாரியும் உண்டு. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கர் இந்தத் திருவிழாக்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய பாகங்களாகப் புத்தகம் எழுதியிருக்கிறார். நம் விமரிசகர்களோ வில்லிபாரதத்தைச் சந்தத்துக்கு உதாரணம் காட்டுவதோடு சரி.

நான் கவனிக்க விரும்புவது பிரசங்கியை அல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவர்களை. அவர்களுக்குக் கதை தெரியும். அபிமன்யு செத்துப்போவான் என்பது தெரிந்துதான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்தது என்ன என்ற ஆவல் அங்கே இல்லை. வரப்போவது இன்னது என்று தெரிந்துகொண்டே, அது வருகிறதற்காகக் காத்திருக்கிற காத்திருப்பு இருக்கிறது. இந்தக் காத்திருப்பு தனி மனிதக் காரியம் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளும் அதே இடத்துக்காகக் காத்திருக்கிறாள் என்பது இவளுக்குத் தெரியும். வந்ததும் இருவரும் திரும்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிரசங்கி ஒரு பெயரை விட்டுவிட்டால் கீழேயிருந்து ஒரு கிழவர் எடுத்துக் கொடுப்பார்.

இப்படிக் கேட்டுக் கேட்டு ஊறிய ஜனங்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் மாமல்லபுரத்துக்குப் போனால் போதும். பாறையில் குடைந்த ஐந்து கோயில்களை நாம் பஞ்சபாண்டவ ரதம் என்கிறோம். பல்லவர் வைத்த பெயர் அல்ல அது. அந்தக் கட்டடங்களுக்கும் பாண்டவருக்கும் சம்பந்தமே கிடையாது. திரௌபதி ரதத்துக்குள் இருப்பவள் துர்க்கை. பெரிய பாறைச் சிற்பத்தில் தவம் செய்கிறவன் அர்ச்சுனனா, பகீரதனா என்று பண்டிதர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள்; ஊர் அவனை அர்ச்சுனன் என்று எப்போதோ தீர்த்துவிட்டது. ராஜா எதற்காகக் கட்டினான் என்பது மறந்துபோன பிறகு, தருமன், பீமன், அர்ச்சுனன், நகுல சகாதேவர், திரௌபதி என்று ஒரு குடும்பத்தையே அந்தக் கல்லில் குடிவைத்தவர்கள் பாரதம் கேட்டவர்கள். காதில் விழுந்த கவிதை கல்லுக்குப் பெயர் வைத்திருக்கிறது. கவிதை ஊரைச் சேர்க்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் படிக்கல்லில் ஒரு விரிசலும் இருக்கிறது. அதை மறைத்துவைத்துப் பழம்பெருமை பேச நான் தயாராக இல்லை. 2023 ஜூன் மாதம் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி கிராமத்தில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தார்கள். தலித் மக்கள் உள்ளே வரக் கூடாது என்று தடுத்ததால் வந்த பூட்டு அது. 2024-ல் உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி பூசைக்காகத் திறந்தார்கள். சபையில் தலைமயிரைப் பிடித்து இழுத்து அவமானப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணின் கதையை மனப்பாடமாக வைத்திருக்கிற ஊர்கள் இந்தப் பக்கத்து ஊர்கள். அந்தப் பெண்ணின் கோயில் வாசலிலேயே மனிதரை நிறுத்தி அவமானப்படுத்த முடிந்திருக்கிறது. ஆகவே கவிதை சேர்க்கிறது என்று யாராவது சொன்னால், யாரை என்று உடனே கேட்டுவிட வேண்டும். உள்ளே இருப்பவர்களை நெருக்கிக் கட்டுகிற கயிறே வெளியே இருப்பவர்களுக்கு வேலியாகவும் ஆகிறது.

கவியரங்கத்தின் சிறப்பு என்று நான் முதலில் சொல்வது அதைத்தான்: அதற்கு வேலி இல்லை. தலைக்கட்டு வரி கொடுத்திருக்க வேண்டாம். இன்ன தெருவில் பிறந்திருக்க வேண்டாம். கதவு திறந்திருக்கும், நாற்காலி போட்டிருக்கும், யாரும் உட்காரலாம். பழைய அரங்கேற்றத்துக்குக்கூட இந்தத் தாராளம் இருந்ததில்லை. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. அது பண்டிதர் சபை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணம் பாடி அந்தந்த ஊரிலேயே அரங்கேற்றியதை உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் எழுதியிருப்பதைப் படித்தால் ஊர்க்காரர்களின் சந்தோஷம் தெரிகிறது. தங்கள் ஊர் குளமும் மரமும் பாட்டாக வருவதைக் கேட்கிற சந்தோஷம். இருந்தாலும் அதுவும் கனவான்களின் செலவில் நடந்தது. எவரும் வரலாம் என்று தமிழ்க் கவிதை கதவைத் திறந்தது கவியரங்கத்தில்தான். வானொலி அந்தக் கதவை இன்னும் அகலமாகத் திறந்தது. 1969-ல் அண்ணா மறைந்தபோது கருணாநிதி வாசித்த இரங்கற்பாவை வானொலிப் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்டு அழுதவர்கள் அரசியலில் எந்தப் பக்கமாக இருந்தாலும் அந்த அழுகையை மறக்கவில்லை.

திறந்த கதவு வழியாக வந்து உட்கார்ந்தவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? இங்கேதான் எனக்கு வருத்தம். முதலில் தமிழுக்கு வணக்கம், பிறகு அவைக்கு வணக்கம், பிறகு தலைமைக் கவிஞருக்கு ஒரு சிங்காசனம், பிறகு விழாக் குழுவினருக்கு மாலை. இத்தனையும் முடிந்து தலைப்புக்கு வருவதற்குள் கவிஞருக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதியில் ஒரு தந்திரம். ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார். அதையே இரண்டாம் தரம் சொல்லுவார். மூன்றாம் தரம் சொல்லும்போது கடைசி வார்த்தையில் ஒரு திருப்பம் வைப்பார். கைதட்டல். திருப்பத்துக்கு மேல் திருப்பமாக வரும்போது கேட்பவர் நிலை என்ன? ஒவ்வொரு திருப்பமும் அவரைத் திடுக்கிடவைக்கிறது. திடுக்கிடுகிறவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பதில்லை. திடுக்கிட வைத்தவரைத்தான் பார்க்கிறான். ஆகவே இருநூறு பேர் கூடியிருந்தாலும் இருநூறு தனித்தனிக் கயிறுகள் மேடைக்குக் கட்டியிருக்கின்றன. ஆளுக்கு ஆள் குறுக்கே ஒரு நூல்கூட ஓடவில்லை.

இது எல்லா மொழிகளுக்கும் விதித்த விதி அல்ல. உருது முஷாயிராவைப் பாருங்கள். கஜலில் ஒவ்வொரு ஈரடியின் முடிவிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். அதற்கு முன்னால் இயைபு வரும். முதல் ஈரடியைக் கேட்ட உடனே சபைக்கு அந்த முடிவு தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு தடவையும் கவிஞர் எந்த வழியாகச் சுற்றி அந்த வாசலுக்கு வந்து சேரப் போகிறார் என்று காத்திருக்கிறார்கள். வந்து சேரும்போது சபையே அந்தச் சொல்லைக் கவிஞரோடு சேர்ந்து சொல்லிவிடும். பிடித்திருந்தால் 'முகர்ரர்' என்று கேட்டு மறுபடி சொல்லவைக்கும். வரி திரும்ப வருவது அங்கேயும் உண்டு. ஆனால் கேட்டது சபை. நம் மேடையில் கேட்பதற்கு முன்பே பரிமாறிவிடுகிறார்கள். வாணியம்பாடிக் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்த அப்துல் ரகுமானுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது. கவியரங்கத்தில் கொடிகட்டிப் பறந்த அவரே கஜலைத் தமிழுக்குக் கொண்டுவர முயன்றது தற்செயல் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். சிகாகோவில் கட்டட வேலை பார்த்த மார்க் ஸ்மித் என்பவர் 1986-ல் கிரீன் மில் என்ற மதுக்கூடத்தில் கவிதைப் போட்டி ஒன்று ஆரம்பித்தார். கவிஞர் மூன்று நிமிஷம் சொல்லலாம். கேட்க வந்தவர்களில் ஐந்து பேரைப் பிடித்து உட்காரவைத்துப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க்குப் போடச் சொல்வார்கள். பிடிக்காவிட்டால் சபை சத்தம் போடலாம். பல நாடுகளுக்கு இது பரவி, நம் பட்டணத்துக் கல்லூரிகளிலும் பிள்ளைகள் இப்படிப் பேசிக் கவிதை சொல்கிறார்கள். கேட்பவருக்கும் ஒரு வேலை கொடுத்தது நல்ல யோசனைதான். மார்க்குப் போடுகிற வேலையை நம் ஊரில் கொடுக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எல்.கே.ஜி. முதல் மார்க்கு வாங்கிக் களைத்த ஜனங்கள் நாம்.

இனிக் கூடுவாஞ்சேரிக்குப் போகலாம்.

பாரதம் கேட்ட கிராமங்களைப் போல ஒரே கதையைத் தெரிந்துகொண்டு பிறந்தவர்கள் வாழ்கிற இடம் அல்ல இது. நந்திவரமும் கூடுவாஞ்சேரியும் பழைய ஊர்கள்தான். ஆனால் ஏரியும் வயலுமாக இருந்த இடத்தில் 'நகர்' 'நகர்' என்று மனை போட்டு, திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்தவர்கள் வீடு கட்டிக்கொண்ட இடம் இன்றையக் கூடுவாஞ்சேரி. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2021-ல் நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சியாயிற்று. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்ததும் மனை விலை இன்னும் ஏறியது. காலையில் மின்சார ரயிலைப் பிடித்துத் தாம்பரம் பக்கம் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். அடுத்த வீட்டுக்காரரைக் கார் நம்பரால் அடையாளம் சொல்கிறவர்கள். இந்த ஊரைக் கவிதை சேர்த்துவிட்டால் நான் ஒப்புக்கொள்ளத் தயார் என்ற எண்ணத்தோடுதான் போனேன்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். பொதுத் தலைப்பு தண்ணீர். கிணறு, ஆறு, ஏரி, மழை, கடல் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரபல கவிஞருக்குக் கண்ணீர். தண்ணீர் என்று தலைப்பு வைத்தால் கண்ணீர் வந்தே தீரும் என்பது கவியரங்க இலக்கணம். அவர் கெட்டிக்காரர். கைதட்டல் மழை பெய்தது. அதில் ஓர் உவமை உண்மையிலேயே நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்கு யாரும் கைதட்டவில்லை, அதில் திருப்பம் இல்லாததால்.

ஏரி உள்ளூர்க்காரர் ஒருவருக்கு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய மேடை அவருக்குப் பழக்கமில்லை என்பது தாளைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஏரியை மணப்பெண்ணாக்கி, அலையைச் சேலையாக்கி, அல்லியைத் திலகமாக்கி எதுகை தேடிப் புறப்பட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்புறம் திடீரென்று 2015 டிசம்பர் வந்தது.

அந்த வருஷத்து வெள்ளம் சென்னையை மட்டும் முழுகடிக்கவில்லை. முடிச்சூர், வரதராஜபுரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கத்து நகர்களெல்லாம் தண்ணீரில் நின்றன. மணப்பெண்ணாக இருந்த ஏரி இவர் கவிதையில் இரவு நேரத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்தது. உவமை போய்விட்டது. எதுகை போய்விட்டது. இன்ன தெருவுக்கு வந்தது. இன்னார் வீட்டுப் படியில் ஏறியது. இன்ன தெருவுக்குத் திரும்பியது. அங்கே பால்காரர் பாக்கெட்டுகளை அண்டாவில் போட்டு மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். இன்ன தெருவில் மாடி உள்ள வீட்டுக்காரர் கதவைத் திறந்துவைத்தார். சின்னச் சின்ன வரிகள். தெருக்களின் பெயர் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது.

மண்டபத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டதைக் கவனித்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவர்கள் முன்னால் குனிந்தார்கள். செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பையன் அதைக் கீழே இறக்கினான். நாலாவது வரிசையிலிருந்து ஓர் அம்மாள், "மூணாவது தெரு இல்லீங்க, நாலாவது" என்றாள். கவிஞர் நிமிர்ந்து பார்த்து, "ஆமாங்கம்மா, நாலாவதுதான்" என்று சொல்லி, அந்த வரியை 'நாலாவது' என்று திருத்தி வாசித்தார். பின்னாலிருந்து ஒருவர், "அந்தப் படகு குப்பத்துக்காரங்க லாரியில ஏத்திக்கிட்டு வந்தது" என்றார். "எங்க மாமியாரைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு வந்தது இவருதான்" என்று இன்னொருத்தி எழுந்து, இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு கண்ணாடிக்காரரைக் காட்டினாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப" என்றார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

அந்த நிமிஷத்தில் தலைமை வகித்தவர் மைக்கைப் பிடித்து, அவையோர் அமைதி காக்க வேண்டும், கவிஞர் பாடுவதற்கு இடையூறு செய்யக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். மண்டபம் அடங்கியது. கவிஞரும் அடங்கி, ஏரி மணப்பெண்ணிடமே திரும்பிப் போய், நல்ல கைதட்டலோடு முடித்துக்கொண்டார்.

வெளியே காப்பி கொடுத்த இடத்தில் ஒரு நண்பர் என்னிடம், "அந்த நடுப்பகுதி கவிதையே இல்லையே, வெள்ள நிவாரண மனு மாதிரி இருந்தது. ஜனங்களுக்குப் பிடித்தது வேறு விஷயம்" என்றார். படித்த நண்பர்; இந்தப் பத்திரிகையும் வாங்குகிறவர். இவரைப் போல நினைக்கிறவர்கள் நம்மில் அநேகர். ஜனங்களைச் சேர்ப்பது ஒரு தராசு, கவிதை இன்னொரு தராசு. ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும் என்பது இவர்கள் கணக்கு. நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

மனுவாக இருந்தால் அது நகராட்சி அலுவலகத்தில் எப்போதோ கொடுத்தாகிவிட்டது. இதே தெருக்களின் பெயர் அதிலும் இருந்திருக்கும், வார்டு நம்பர் வரிசையில். அதைக் கேட்டு யாரும் குனிந்திருக்கமாட்டார்கள். இவர் சொன்ன வரிசை வேறு. தண்ணீர் வந்த வரிசை அது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு. அந்த ஊரில் இருப்பவருக்குத் தன் தெரு வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. எப்போது வரும் என்று காத்திருக்கிறார். முஷாயிராவில் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பது போல, பாரதப் பந்தலில் அபிமன்யுவுக்காகக் காத்திருப்பது போல. தெருப் பெயர்களே இயைபுத் தொடையாகிவிட்டன. பால்காரரும் மாடி வீட்டுக்காரரும் நடுவே வந்து மூச்சு விட இடம் கொடுத்தார்கள். இதற்குக் கட்டுக்கோப்பு என்று பெயர். கவிதையில் நான் தேடுவதும் இதுதான், நாவலில் தேடுவதும் இதுதான். அந்த மனிதர் தெரிந்துதான் செய்தாரா என்று கேட்டால், வேண்டியதில்லை என்பேன். இருபது முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவருக்கு எந்த ஸ்டேஷனுக்கு அப்புறம் எது என்பது ரத்தத்தில் ஊறியிருக்கும்.

அதே மனிதரின் மணப்பெண் வர்ணனை ஏன் மட்டமாக இருந்தது? அது அவருடையதல்ல. எந்த ஊர் ஏரிக்கும் அதை வைக்கலாம். ஆகையால் எந்த ஊர் ஏரியும் அதில் இல்லை. மேடை கேட்கும் என்று நினைத்து எடுத்துக்கொண்டது. ஆக, எந்த இடத்தில் அவர் கவிதை எழுதினாரோ அந்த இடத்தில் மண்டபம் சேர்ந்தது. எந்த இடத்தில் கவிதை போலச் செய்தாரோ அங்கே கைதட்டினார்கள். இரண்டு தராசும் ஒரே பக்கம்தான் சாய்ந்தன.

அந்த அம்மாள் குறுக்கே பேசியதைத் தலைவர் இடையூறு என்றார். கவியரங்கத்தின் சட்டப்படி அது சரிதான். என் மனசில் அன்று மாலை முழுவதும் விழுந்த ஒரே விமரிசனம் அது. நன்றாக இருந்தது, பிரமாதம் என்று சொல்வது விமரிசனம் அல்ல. இது என் தெரு, இதை நீங்கள் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறவள் அந்தக் கவிதையில் தனக்கும் பங்கு உண்டென்று எழுந்து நிற்கிறாள். கவிஞரும் திருத்திக்கொண்டார். அச்சுப் புத்தகத்தில் மூன்றாவது தெரு மூன்றாவது தெருவாகவே இருந்திருக்கும். இந்த விழாக் குழுவினருக்கு யோசனை சொல்ல எனக்கு இடம் உண்டென்றால் ஒன்றுதான் சொல்வேன்: மேடையில் ஆறு மைக்கு வைக்கிறீர்களே, அதில் ஒன்றைக் கீழே இறக்கிவையுங்கள். தலைமைக் கவிஞருக்கான சிங்காசனத்தைப் பாதியாகக் குறைத்தால் நேரம் கிடைக்கும்.

அந்தத் தாளை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'மூன்றாவது' அடித்து 'நாலாவது' என்று அதற்குள்ளாகவே எழுதியிருந்தார். பக்கத்தில் டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன், சமையல் காண்டிராக்டரோடு வந்தவன், நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றான். தண்ணீர் முதல் தெருவிலிருந்து ஆரம்பித்தது என்று கவிதையில் வந்ததே, அது அப்படி இல்லை என்றான். "தண்ணி மொதல்ல வந்தது கரையோரம் எங்க குடிசைக்கு சார். அதுக்கப்புறந்தான் தெருவுக்கே போச்சு." மண்டபக் கதவு திறந்துதான் இருந்தது, நாற்காலியும் போட்டுத்தான் இருந்தது. ஆனால் அந்த வரியைத் திருத்த வேண்டியவன் கதவுக்கு இந்தப் பக்கம் டம்ளர் எடுத்துக்கொண்டிருந்தான்.

கவிஞர் என்னிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டார். தாளின் உச்சியில், முதல் தெருவுக்கு மேலே, ஒரு விரலளவு இடம் இருந்தது. "எந்தப் பக்கமா வந்தது தம்பி? எத்தனை வீடு இருந்துச்சு அப்போ?" என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் தேடினார். அவன் டம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.